காந்தம் மாறினால் குரல் மாறும்

வீட்டில் எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கும் பிள்ளை இருந்தால் இந்தக் குறை உங்கள் காதிலும் விழுந்திருக்கும்: "நெக் பிக்கப்பில் வாசித்தால் எல்லாம் குழம்பிக் கேட்கிறது, புதுசு வாங்கணும்." என் மகனும் அப்படித்தான் கேட்டான். கடையில் சொன்ன விலை ஆயிரக்கணக்கில் இருந்தது. கடைசியில் நாங்கள் மாற்றியது உள்ளே இருந்த ஒரு சிறு காந்தத்தை மட்டும்தான்.

பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் உறுப்பு. அதில் ஒரு காந்தமும், ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். காந்தம் மேலே உள்ள எஃகுத் தந்தியையும் காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது சுருளுக்குள் காந்தப் புலம் கூடிக் குறைகிறது, மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த தத்துவமே இது.

வீணையைக் குதிரைக்கு அருகே மீட்டினால் நாதம் கூர்மையாகவும், தள்ளி மீட்டினால் உருண்டு திரண்டும் கேட்கும் அல்லவா? கிதாரின் கழுத்தருகே உள்ள நெக் பிக்கப்புக்கும் அதே நிலைதான். அங்கே தந்தி அகலமாக ஆடுவதால் மந்தர ஒலி மிகுகிறது. காந்தத்தின் குணம் அங்கே நன்றாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955-இல் வடிவமைத்த 'ஹம்பக்கர்' பிக்கப்பில் இரண்டு சுருள்களுக்கு அடியில் ஒரு பட்டைக் காந்தம் தனியாக இருக்கும். அதனால் அதை மாற்றுவது சுலபம். காந்தமே தந்திக்குக் கீழே தண்டுகளாக நிற்கும் பிக்கப்புகளில் இது எளிதல்ல.

அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு கலந்த 'ஆல்னிகோ' காந்தங்களில் பல தரங்கள் உண்டு. ஆல்னிகோ 2 வலு குறைந்தது. நாதம் மென்மையாக, இனிமையாக இருக்கும், ஆனால் மந்தரம் சற்றுத் தளரும். ஆல்னிகோ 3 இன்னும் அடக்கமானது. ஆல்னிகோ 4 நடுநிலை. ஆல்னிகோ 5 வலுவானது. மந்தரம் இறுகும், உச்ச ஒலி பளிச்சென்று கேட்கும். செராமிக் காந்தம் இன்னும் கூர்மை. என் மகனின் பிக்கப்பில் இருந்தது ஆல்னிகோ 2. ஆல்னிகோ 5 வைத்ததும் குழப்பம் தெளிந்தது. மாறாக, நாதம் முரட்டுத்தனமாக இருந்தால் 5-ஐ எடுத்துவிட்டு 2 அல்லது 4 வைக்கலாம்.

மாற்றும்போது ஒரு கவனம் தேவை. பழைய காந்தத்தை உருவுமுன் கழுத்தை நோக்கிய விளிம்பில் பேனாவால் குறியிடுங்கள். புதிய காந்தத்தின் எந்த விளிம்பு திசைகாட்டி முள்ளின் அதே முனையை இழுக்கிறதோ, அது அந்தப் பக்கம் வர வேண்டும். திருப்பி வைத்துவிட்டால் இரண்டு பிக்கப்புகளையும் சேர்த்து வாசிக்கும்போது ஒலி மெலிந்துவிடும். ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பீட்டர் கிரீன் வாசித்த லெஸ் பால் கிதாரின் நெக் பிக்கப்பில் காந்தம் இப்படித்தான் திரும்பியிருந்தது. மூக்கால் பாடுவது போன்ற அந்த நாதமே அவருக்கு அடையாளமாகிவிட்டது! பிக்கப்பின் மேல் பற்றவைத்த உலோக மூடி இருந்தால், வேலை தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

காந்தம் மாயம் செய்யாது. சுருளின் குணம் அப்படியேதான் இருக்கும். ஆகவே முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நெக் பிக்கப்பைச் சற்றுக் கீழே இறக்கிப் பாருங்கள். அதற்குக் காலணா செலவில்லை. போதவில்லை என்றால் காந்தத்தை மாற்றுங்கள். புது பிக்கப் வாங்குவது கடைசி யோசனையாக இருக்கட்டும்.