உப்புக்காற்றில் ஒரு பழைய பிக்அப்பின் முன்பட்டை

ஜீப் வழி வந்த பழைய மஹிந்திரா பிக்அப்பின் முன்பக்கம் குனிந்து பார்த்தால், இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்பு அச்சும், அதன் இருபுறமும் அடுக்கிக் கட்டிய பட்டைகளும் கண்ணில் படும். நம் ஊர் வில்வண்டியில் கூண்டைத் தாங்கியதும் இத்தகைய பட்டைகள்தான். இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் குதிரை வண்டிக்கான வில்லுக்கு 1804-இல் காப்புரிமை பெற்றார். இருநூறு ஆண்டுகள் கழித்தும் அந்த வம்சம் சுமை வண்டிகளில் பிழைத்திருக்கிறது என்றால், காரணம் அதன் எளிமை.

ஒரே பட்டைக்கட்டு மூன்று வேலை பார்க்கிறது. பாரத்தைத் தாங்குகிறது. அச்சு முன்பின் நகராமல் பிடித்துக்கொள்கிறது. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் வண்டியின் ஆட்டமும் ஓரளவு அடங்குகிறது.

காரைக்கால் பக்கத்துத் திருவேட்டக்குடி போன்ற கடலோர ஊரில் சிக்கல் தொடங்குவது இந்த உரசலில்தான். கடற்காற்றின் உப்பும், மீன்பெட்டியில் ஐஸ் உருகி வழியும் தண்ணீரும், சக்கரம் வாரியடிக்கும் ஈரமணலும் பட்டைகளின் இடுக்கில் புகுந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. துரு ஏறிய பட்டைகள் வழுக்க மறுத்து ஒரே இரும்புக் கட்டையாக இறுகுகின்றன. சின்னப் பள்ளம்கூட நேராக வண்டியின் அடிச்சட்டத்தில் இடிக்கிறது. துரு அரித்த குழிகளில் விரிசல் விழுந்து, ஒருநாள் மெயின் பட்டையே ஒடிகிறது.

வண்டி தாழ்ந்துவிட்டால் இன்னொரு பட்டையைச் சேர்ப்பது வழக்கமான வைத்தியம். ஐந்து பட்டையோடு அதே தடிமனில் ஆறாவதைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். தடித்த பட்டைகளாக மாற்றினால் கதையே வேறு. விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், 6 மி.மீ. பட்டைகளுக்குப் பதில் அதே எண்ணிக்கையில் 7 மி.மீ. போட்டால் ஏறக்குறைய 60 சதவீதம் கூடிவிடும். காலி வண்டி குதிக்கும். ஓட்டுபவரின் இடுப்புதான் அதைத் தாங்க வேண்டும். இதை மேம்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடலோர வண்டிக்கு நான் பரிந்துரைப்பது பாரபோலிக் பட்டை. வளையும் பட்டையில் இழுவிசை நடுவில் மிகுந்தும் நுனியில் மிகக் குறைந்தும் இருக்கும். ஒரே தடிமனுள்ள பட்டையின் நுனிப்பகுதி இரும்பு ஏறத்தாழ வீண். நடுவில் தடித்து, நுனி நோக்கிப் பரவளையக் கோட்டில் மெலியும்படி உருட்டினால் பட்டை முழுதும் சீராக உழைக்கும். பட்டைக்கட்டின் எடையும் குறையும். இரண்டு மூன்று பட்டைகளே போதும். அவை நுனியிலும் நடுவிலும் மட்டும் தொட்டுக்கொள்ள, மற்ற இடமெல்லாம் காற்றோட்டமான இடைவெளி. தங்கிய உப்பைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடலாம். குட்டி யானை என்று நாம் அழைக்கும் டாடா ஏஸின் முன்பக்கத்தில் இருப்பதும் இந்த வகைதான்.

ஆனால் உரசல் போனதும் ஆட்டத்தை அடக்கும் வேலை முழுதும் ஷாக் அப்சர்பர் தலையில் விழுகிறது. பழைய ஷாக்கோடு புதுப் பட்டை போட்டால் வண்டி தொட்டிலாகிவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதுப் பட்டையால் முன்பக்கம் உயர்ந்தால், சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வான காஸ்டர் கோணமும் மாறக்கூடும். அது குறைந்தால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. அச்சுக்கும் பட்டைக்கும் இடையே சரிவான ஆப்புத் தகடு வைத்து அதைச் சரிக்கட்டுவார்கள்.

அமெரிக்காவில் பழைய பிக்அப் பிரியர்கள் அச்சையே கழற்றி எறிந்துவிட்டு, 1974-78 ஃபோர்ட் மஸ்டாங் 2 காரின் பாணியில், இரு சக்கரமும் தனித்தனியே அசையும் காயில் ஸ்பிரிங் அமைப்பை அடிச்சட்டத்தில் பற்றவைக்கிறார்கள். நல்ல சாலையில் அது சுகம். மீன்பாரம் ஏற்றி மணலில் இறங்கும் வண்டிக்கு, ஆங்காங்கே பால் ஜாயின்ட்டும் புஷ்ஷுமாக உப்புக்கு அத்தனை வாய் திறந்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நம் நாட்டுச் சட்டவிதியும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் காட்டி, தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பட்டை மாற்றுவதென்றாலும் காரைக்கால் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுவது நல்லது.

புதுப் பட்டையை மாட்டும்போது, அதை அச்சோடு கட்டும் பழைய யு போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இழுபட்டு நீண்ட போல்ட் மறுபடி பிடிப்புக் கொடுக்காது. பட்டையின் நுனியை அடிச்சட்டத்தோடு இணைக்கும், ரப்பர் புஷ் உள்ள ஷேக்கிள் போல்ட்டுகளை, வண்டியை ஜாக்கியில் தொங்கவிட்டபடி முறுக்கக்கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் நின்ற பிறகே இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். சில நாள் ஓடிய பிறகு யு போல்ட்டுகளை இன்னொரு முறை இறுக்கிக்கொள்ளுங்கள்.