ஊரார் தாயைக் காத்த மகன்

"ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்பார்கள் நம் வீட்டுப் பாட்டிமார்கள். நல்ல மொழிதான். ஆனால் தோழர்களே, ஊரார் தாயைக் கண்ணிமைபோல் காத்தானே ஒரு மகன், அவனுடைய தாயின் கதி என்ன? அவளைத் தானே காத்தவர் யார்? பாட்டி சொல்லவில்லை. பிரிட்டனுக்குப் போன டாக்டர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

1948 ஜூலை 5. அன்றுதான் பிரிட்டனில் தேசிய மருத்துவப் பணி பிறந்தது. அதை ஈன்றெடுத்த அமைச்சர் அன்யூரின் பெவன், சுரங்கத் தொழிலாளியின் மகன். பதின்மூன்று வயதில் தானும் சுரங்கத்தில் இறங்கியவர். சீமானுக்கும் ஏழைக்கும் ஒரே ஆஸ்பத்திரி, காசு கேளாத வைத்தியம்! வாழ்த்த வேண்டிய திட்டம், நாம் வாழ்த்துகிறோம். ஆனால் கட்டடம் இருந்தது, கட்டில் இருந்தது, நோயாளியும் இருந்தான், டாக்டர் போதவில்லை! அந்நாட்டில் பட்டம் பெற்ற இளைஞர் பலர் கானடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினர்.

அந்த இடத்தை நிரப்பியவர் யார்? இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்ற இளம் டாக்டர்கள். சென்னையில் படித்தவரும், யாழ்ப்பாணத்தில் பிறந்தவரும் அவர்களிலே உண்டு. இவர்கள் வந்திராவிட்டால் மருத்துவப் பணியே சரிந்திருக்கும் என்று 1961ல் பிரபுக்கள் சபையிலே சொன்னவர் கோஹன் பிரபு. நாம் சொல்லவில்லை, அவர்கள் வீட்டுப் பிரபுவே சொன்னார்!

சொன்னார்கள், வரவேற்றார்களா? வேலைக்கு வரவேற்பு இருந்தது. ஆளுக்கு? வாடகை அறை தேடிப் போனால், வெள்ளையருக்கு மட்டும் என்ற அறிவிப்பு. வீட்டு வாடகையில் நிறம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் வர 1968 ஆயிற்று. அதே 1968ல்தான், குடியேறியவர்களால் நாடு குலையும் என்று பர்மிங்ஹாமிலே முழங்கினார் ஈனாக் பவல். யார் இந்தப் பவல்? 1960 முதல் 1963 வரை சுகாதார அமைச்சர்! அவர் அமைச்சராக இருந்த ஆஸ்பத்திரிகளில் இரவுக் காவல் நின்றவர்கள் இந்தக் கருநிற டாக்டர்களே. கை வேண்டும், கைக்கு உரியவன் வேண்டாம். என்னே நியாயம்!

அறுவை மருத்துவம், இதய மருத்துவம் போன்ற புகழ்தரும் துறைகள் பெரும்பாலும் அந்நாட்டாருக்கு. வந்தவனுக்குப் பந்தியிலே கடைசி இலை. அந்த இலைகளில் ஒன்று முதியோர் மருத்துவம். ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய பழைய விடுதிக் கட்டடங்கள் பல, முதியோர் ஆஸ்பத்திரிகளாகியிருந்தன. படுக்கையே கதி என்று கிடந்த கிழவர்களை எழுந்து நடக்கவைக்க முடியும் என்று 1930களிலேயே காட்டினார் மார்ஜரி வாரன் என்ற பெண் டாக்டர். வழி தெரிந்தது, அவ்வழியே நடக்க அந்நாட்டு டாக்டர்கள் போதிய அளவு முன்வரவில்லை. நடந்தவர்களிலே பெரும் பங்கினர் நம் நாட்டவர்! பெற்ற பிள்ளையும் எட்டிப் பாராத கிழவியின் நாடியைப் பிடித்து, "எப்படி இருக்கிறீர்கள், அம்மா?" என்று கேட்டவன், கடல் கடந்து வந்த மகன்.

அவன் குடும்பம்? ஆறு மாதத்துக்கு ஒரு வேலை, வேலைக்கு ஓர் ஊர். மூட்டையைக் கட்டு, முகவரியை மாற்று, குழந்தையைப் புதுப் பள்ளியில் சேர்! மேல்பதவிக்கு மனுப் போட்டால் பெயரே பகையாயிற்று. 1993ல் இரண்டு டாக்டர்கள் சோதித்துக் காட்டினார்கள். ஒரே தகுதி, இரண்டு வகை மனு. ஒன்றில் ஆங்கிலப் பெயர், மற்றொன்றில் ஆசியப் பெயர். ஆங்கிலப் பெயருக்கு வந்த நேர்காணல் அழைப்பு, மற்றதைப்போல் இரு மடங்கு!

ஆகவே பலர் ஆஸ்பத்திரியை விட்டு, பிறர் போக விரும்பாத ஊர்களில் குடும்ப டாக்டராயினர். வேல்ஸ் நாட்டுச் சுரங்கப் பள்ளத்தாக்குகளுக்குப் போனார்கள். மருத்துவம் எங்கே மிகவும் தேவையோ அங்கேதான் அது அரிதாகக் கிடைக்கிறது என்று 1971ல் எழுதினாரே ஜூலியன் டியூடர் ஹார்ட், அவரும் வேல்ஸ் சுரங்க ஊர் டாக்டர்தான். நிலக்கரித் தூசியால் நெஞ்சடைத்த தொழிலாளிக்கு நம்மவன் மருந்து கொடுத்தான். நள்ளிரவில் தொலைபேசி மணி அடித்தால் எடுத்தவள் அவன் மனைவி. சம்பளமில்லாத செவிலி அவள்! பிள்ளைகள் வேல்ஸ் வாடையில் ஆங்கிலம் பேசி வளர்ந்தனர். வேர் பிடித்தது.

வேர் பிடித்த பிறகு என்ன கேட்டான்? மாளிகையா, மகுடமா? ஊரிலே தனித்துக் கிடக்கும் தாயை அழைத்துவர அனுமதி கேட்டான்.

2012 ஜூலையில் வந்தது புதிய விதி. அன்றாடக் காரியத்தைத் தானே செய்துகொள்ள முடியாதபடி தாய் தளர்ந்திருக்க வேண்டுமாம். அதுமட்டும் போதாது, வேண்டிய பணிவிடை சொந்த நாட்டில் கிடைக்காது, அல்லது கிடைத்தாலும் கட்டுப்படியாகாது என்று மெய்ப்பிக்கவும் வேண்டுமாம்! மகன் டாக்டர், பணம் அனுப்ப வல்லவன். "ஆள் வைத்துக்கொள்ளலாமே, அம்மா ஏன் இங்கே?" என்று கேட்கும் விதி இது. அவன் தேடிய செல்வமே அவன் தாய்க்குத் தடைக்கல். கூலிக்கு ஆள் கிடைப்பான். கூலிக்கு மகன் கிடைப்பானா?

2020ல் கொரோனா வந்தது. பிரிட்டனில் அந்நோய்க்குப் பலியான முதல் பத்து டாக்டர்களும் வெள்ளையரல்லாதார். மக்கள் வாசலில் நின்று கைதட்டினார்கள். கைதட்டிய அன்பு மெய், நாம் மறுக்கவில்லை. ஆனால் தோழர்களே, கைதட்டல் கேட்டா ஒரு தாய் கடலைக் கடப்பாள்? கதவு திறந்தாலல்லவா கடப்பாள்!

பாட்டி சொன்ன மொழி பொய்யா? பொய்யாக்கியது சட்டம். அதை மெய்யாக்க வேண்டியதும் சட்டமே.