ஊரா, நகரமா? – மாறுபட்ட ஆலோசனைகளை நிறுத்துப் பார்ப்பது எவ்வாறு?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் எமது தலைவர் முஹம்மத் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தவர், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



சில வாரங்களுக்கு முன்னர், ஜும்ஆத் தொழுகையின் பின் வெள்ளாங்குளத்தில் வசிக்கும் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தவர். கொழும்பில் கடையொன்றில் தொழில் இருப்பதாக உறவினர் ஒருவர் அழைத்திருக்கின்றார். "ஹஸ்ரத், போவதா இருப்பதா என்று பலரிடம் கேட்டுப் பார்த்தேன். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடியது" என்றார்.

அவருக்குக் கிடைத்த பதில்கள் இவை. வாப்பா சொன்னார்: "துரத்தப்பட்டு இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்த மண் இது. இதை விட்டு நீயாகவே போவதா?" உம்மா சொன்னார்: "கஞ்சி குடித்தாலும் பிள்ளை கண் முன்னால் இருக்கட்டும்." கொழும்பிலிருக்கும் மச்சான் சொன்னார்: "ஊரில் இருந்து என்ன செய்யப் போகிறாய்?" கொழும்பு சென்று திரும்பிய ஒருவர் சொன்னார்: "சம்பளம் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே போய்விடும்." பள்ளிவாசலில் ஒரு பெரியவர், ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் உள்ளது, எங்கிருந்தாலும் அது தேடி வரும் என்றார். கூட்டாளி ஒருவரோ, நபி (ஸல்) அவர்களே ஹிஜ்ரத் போனார்கள்தானே, நீ ஏன் தயங்குகிறாய் என்று கேட்டிருக்கின்றார்.

ஆறு பேர் ஆறு விதமாகச் சொன்னார்கள். ஆறு பேரும் அவர் மீது அன்பு கொண்டவர்களே; ஒருவரும் பொய் சொல்லவில்லை. அவ்வாறாயின் எதனை ஏற்பது? இக்கேள்வி எமது பகுதியின் பல வீடுகளிலும் இன்று கேட்கப்படுவதால் இவ்வுரையில் அது பற்றிச் சிறிது விரிவாக நோக்குவோம்.

கருத்துகள் ஏன் முரண்படுகின்றன?

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஆலோசனை சொல்பவர் பெரும்பாலும் நமது கேள்விக்கு விடையளிப்பதில்லை. தமது வாழ்வு தம்மிடம் கேட்ட கேள்விக்கே அவர் விடையளிக்கின்றார்.

1990 ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர் சில மணி நேர, சில நாள் அவகாசத்தில் தமது வீடு வாசல்களை விட்டு வெளியேறினார்கள். மன்னாரைச் சேர்ந்த பலர் கடல் மார்க்கமாகக் கற்பிட்டியை அடைந்தனர். புத்தளம் மாவட்டத்தின் ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்த பின் சிலர் மீண்டார்கள். சிலர் அங்கேயே தங்கினார்கள். இன்னும் சிலர் இரு இடத்திலும் ஒவ்வொரு காலை வைத்துக்கொண்டார்கள்.

இந்த வரலாற்றைச் சுமந்த வாப்பாவுக்கு "போதல்" என்ற சொல் 1990ஐயே நினைவூட்டும். அவரது சொல்லில் இருப்பது வேதனை. அது மதிக்கப்பட வேண்டியது. ஆயினும் பலவந்தமாக வெளியேற்றப்படுதலும், பத்தொன்பது வயதுப் பிள்ளை தொழில் தேடிச் செல்லுதலும் ஒன்றல்ல. அவ்வாறே, ஊரில் ஒன்றுமில்லை என்று சொல்லும் மச்சான், தாம் ஊரை விட்டு வந்தது சரியே என்பதைத் தமக்குத் தாமே நிரூபித்துக்கொண்டிருக்கவும் கூடும். திரும்பி வந்தவர் தமது ஒரு முதலாளியை வைத்து முழுக் கொழும்பையும் எடை போட்டிருக்கவும் கூடும். எனவே ஒருவரது முடிவைக் கேட்டு நின்றுவிடாது, அம்முடிவுக்கு அவரைக் கொண்டுசென்ற அனுபவத்தையும் கேட்டறிய வேண்டும். முடிவு அவருடையது, அனுபவமோ நமக்கும் பயன்படும்.

ஸர்ஃக் என்ற இடத்தில் நடந்தது

முரண்பட்ட ஆலோசனைகளை எவ்வாறு கையாள்வது என்பதற்குக் கலீஃபா உமர் (ரழி) அவர்களின் வாழ்வில் தெளிவான முன்மாதிரி ஒன்று உண்டு. ஸஹீஹுல் புகாரி, ஸஹீஹ் முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இச்சம்பவம் பதிவாகியுள்ளது.

உமர் (ரழி) அவர்கள் ஷாம் தேசம் நோக்கிப் புறப்பட்டு ஸர்ஃக் என்ற இடத்தை அடைந்தபோது, அங்கு கொள்ளை நோய் பரவியிருப்பதாகப் படைத்தளபதி அபூ உபைதா (ரழி) அவர்களும் ஏனையோரும் அறிவித்தார்கள். முன்னே செல்வதா, திரும்புவதா? உமர் (ரழி) அவர்கள் முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அவர்கள் இரு பிரிவாகினர். அவர்களை அனுப்பிவிட்டு அன்ஸாரிகளை அழைத்துக் கேட்டார்கள். அவர்களும் அவ்வாறே இரு பிரிவாகினர். பின்னர் மக்கா வெற்றிக் காலத்தில் ஹிஜ்ரத் செய்த குறைஷி முதியவர்களை அழைத்துக் கேட்டார்கள். அவர்களில் இருவர்கூட முரண்படவில்லை. மக்களுடன் திரும்பிவிடுமாறே கூறினார்கள். காலையில் திரும்புவதென உமர் (ரழி) அவர்கள் அறிவித்தார்கள்.

அப்போது அபூ உபைதா (ரழி) அவர்கள், இது அல்லாஹ்வின் கத்ரை விட்டு ஓடுவதாகாதா எனக் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து அவனது மற்றொரு கத்ரின் பக்கமே தாம் செல்வதாக உமர் (ரழி) அவர்கள் விளக்கினார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு கரை செழிப்பாகவும் மறுகரை வறட்சியாகவும் இருந்தால், ஒட்டகத்தை எக்கரையில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் கத்ர்தானே என்று உவமையும் கூறினார்கள். பின்னர், அதுவரை அங்கில்லாத அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் வந்து, நோயுள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், நீங்கள் இருக்கும் ஊரில் அது ஏற்பட்டால் தப்பி ஓடவும் வேண்டாம் என்ற கருத்திலமைந்த நபிமொழியை அறிவித்தார்கள். உமர் (ரழி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள். அபூ உபைதா (ரழி) அவர்கள் ஷாமிலேயே இருந்து, அந்நோயிலேயே வஃபாத்தானார்கள். ஒருவர் திரும்பினார், ஒருவர் தங்கினார். இருவரையும் உம்மத் கண்ணியமாகவே நினைவுகூருகின்றது.

இதிலிருந்து நாம் பெறும் பாடங்கள் பல. ஒரே சபையில் எல்லோரையும் கூட்டிச் சச்சரவிட விடாது, ஒவ்வொரு தரப்பையும் தனித்தனியே கேட்டார்கள். முதல் இரு தரப்பும் பிளவுபட்டபோது சலித்துப்போய் முடிவெடுக்காமல், அனுபவம் மிக்க மூன்றாவது தரப்பையும் தேடினார்கள். மறுத்துப் பேசியவருக்குக் காரணத்தை விளக்கினார்கள். கடைசியில் வந்தவரிடமிருந்த அறிவுக்கும் செவி கொடுத்தார்கள். முடிவெடுத்த பின் தடுமாறவில்லை.

மார்க்கத்தின் பெயரால் வாயடைக்க வேண்டாம்

இங்கு ஒரு விடயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஹலாலான தொழிலுக்காக நகரம் செல்வது ஆகுமாக்கப்பட்ட ஒரு காரியம். மார்க்கக் கடமைகளைப் பேணி வாழ முடியுமாயின், போ என்றோ போகாதே என்றோ மார்க்கம் கட்டளையிடவில்லை. மக்காவில் ஈமானுக்காக வதைக்கப்பட்டோர் மதீனாவுக்குச் சென்ற ஹிஜ்ரத்தைக் கடைத் தொழிலுக்குச் செல்வதோடு ஒப்பிடுவது முறையன்று. ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் என்பது உண்மை. ஆயினும் அது தேடலைத் தடுக்கும் ஆதாரமன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள்.

அதேபோல், பெற்றோரின் மன வருத்தத்தை அற்பமாக எண்ணிவிட்டுப் போவதும், பிள்ளையின் நியாயமான தேவையை "உம்மாவின் பத்துவா பிடிக்கும்" என்ற பயமுறுத்தலால் அடக்குவதும் இரண்டுமே அநீதியாகும்.

எதனை நிறுக்க வேண்டும்?

அந்த இளைஞரிடம் நான்கு கேள்விகளுக்கு விடை தேடி வருமாறு கூறினேன்.

ஒன்று: எந்த நகரம்? நகரம் என்றதும் எல்லோரும் கொழும்பையே கருதுகின்றனர். மன்னார் நகரம், வவுனியா, யாழ்ப்பாணம் ஆகியனவும் உள்ளன. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகின்றது. வாரம் ஒரு முறை வீடு வரக்கூடிய தூரமும், பெருநாளைக்கு மட்டுமே வரக்கூடிய தூரமும் ஒன்றல்ல.

இரண்டு: கையில் எஞ்சுவது எவ்வளவு? சம்பளத் தொகையை மட்டும் கேட்கக் கூடாது. அறை வாடகை, சாப்பாடு, பயணம், வீட்டுக்கு அனுப்பும் பணம் ஆகியவற்றைக் கழித்துப் பார்க்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் செலுத்தப்படல் வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். இவை கட்டப்படுகின்றனவா, ஜும்ஆவுக்கும் ஐவேளைத் தொழுகைக்கும் நேரம் கிடைக்குமா என்பவற்றை முன்கூட்டியே கேட்பதில் வெட்கமில்லை.

மூன்று: விட்டுச் செல்வது யாது? இலங்கைச் சட்டப்படி, தனியார் காணியொன்றைப் பிறர் 10 வருடங்கள் உரிமையாளருக்கு எதிராகத் தடையின்றி ஆண்டுவந்தால் ஆட்சியுரிமை கோர வழியுண்டு. யுத்த காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயலால் தமது காணிக்குச் செல்ல முடியாதிருந்தோருக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விசேட ஏற்பாடு செய்தது. தானாக விரும்பி நகரம் செல்பவருக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. ஆகவே முழுக் குடும்பமும் செல்வதாயின் காணி உறுதியும் எல்லையும் யார் பொறுப்பில் என்பது தீர்மானிக்கப்பட வேண்டும்.

நான்கு: வேறு யாருடைய வாழ்வு மாறுகின்றது? படிக்கும் தம்பி தங்கையரையும் சேர்த்துக் குடும்பம் நகர்வதாயின், ஒரு விடயத்தைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். பல்கலைக்கழக அனுமதியில் பல கற்கைநெறிகளுக்கு மாவட்ட அடிப்படை உண்டு; மன்னார் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்படுகின்றது. உயர்தர வகுப்புக்குக் கொழும்புப் பாடசாலைக்கு மாறும் பிள்ளை, அந்தச் சலுகையை இழந்து கொழும்பு மாணவர்களுடன் போட்டியிட நேரலாம்.

எமது வீட்டில் நடந்த ஒரு தவறு

நான்காவது கேள்வியை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 1990இல் நான் உம்மாவின் கைக்குழந்தை. புத்தளத்தில் வளர்ந்தேன். 2010இல் ஊர் திரும்புவது பற்றிய பேச்சு எழுந்தபோது எமது வீடும் இரண்டாகியது. திரும்ப வேண்டும் என்றார் வாப்பா, உம்மாவுக்கு அச்சம், நானா கொழும்பு போகலாம் என்றார். வாப்பா பள்ளிப் பெரியவர்களிடம் கேட்டார், உறவினரிடம் கேட்டார், தாமே தனியாகச் சென்று மூன்று மாதம் தங்கிக் காடு வெட்டி, தூர்ந்த கிணற்றையும் பார்த்து வந்தார். அதுவரை எல்லாம் அழகான மஷூரா.

ஆனால் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் தங்கையிடம் ஒருவரும் கேட்கவில்லை. அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்த நானும்கூட அவளைக் கேட்கவில்லை. வருட நடுவில் குடும்பம் பெயர்ந்தது. புதிய பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லை. அவள் அவ்வருடம் கணிதத்தில் சித்தியடையவில்லை. மறுமுறை எழுத வேண்டியதாயிற்று. "ஆறு மாதம் பொறுத்திருக்கலாமே என்று சொல்ல எனக்குத் தெரிந்திருந்தது, யாரும் கேட்கவில்லையே" என்று பின்னொரு நாள் அவள் சொன்னாள். ஊர் திரும்பிய முடிவு பிழையல்ல. இன்றும் அல்ஹம்துலில்லாஹ் அங்கேயே வாழ்கின்றோம். திரும்பிய காலம்தான் பிழை. யாரை அந்த முடிவு அதிகம் பாதிக்குமோ அவரது வாயிலிருந்து ஒரு சொல் கேட்டிருந்தால் அது திருத்தப்பட்டிருக்கும்.

முடிவெடுத்தலும் தவக்குலும்

ஆலோசனை கேட்கப்படுபவர் ஓர் அமானிதத்தைச் சுமக்கின்றார். ஆகவே, பெருநாளைக்குப் புது உடுப்போடு ஊர் வரும் சகோதரர்களே, நகரத்தில் உங்களுக்குள்ள கடனையும் தனிமையையும் மறைத்துவிட்டு இளையவர்களை அழைக்காதீர்கள். ஊரிலிருக்கும் பெரியவர்களே, உங்கள் அச்சத்தை அவர்களது தலைவிதியாக்காதீர்கள்.

கேட்டு, கணக்கிட்டு முடிந்த பின் இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாராத் துஆவை ஓதுங்கள். கனவு வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நன்மையானதை இலகுவாக்கும்படியும் தீமையானதைத் திருப்பிவிடும்படியும் அல்லாஹ்விடம் ஒப்படைப்பதே இஸ்திகாரா. கலந்தாலோசித்து, உறுதிகொண்ட பின் அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்கும் ஒழுங்கையே ஆலு இம்ரான் அத்தியாயம் எமக்குக் கற்பிக்கின்றது.

அந்த இளைஞர் இரண்டு வாரம் கழித்து மீண்டும் வந்தார். நான் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. வாப்பாவுடன் கொழும்புக்கே சென்று கடையையும் அறையையும் பார்த்து வந்ததாகவும், ஆறு மாதத்துக்குச் சென்று பார்ப்பதென்றும், அதன் பின் வீட்டார் எல்லோரும் தங்கையையும் சேர்த்து அமர்ந்து மீண்டும் பேசுவதென்றும் முடிவு செய்திருப்பதாகக் கூறினார். அவர் வாப்பா இன்னும் முழு மனதோடு இல்லை. ஆனால் பேருந்துக்குப் பணம் தந்தவர் அவரே.

யா அல்லாஹ்! ஊரில் இருப்போருக்கு ஊரிலும், வெளியூர் செல்வோருக்குச் செல்லுமிடத்திலும் ஹலாலான ரிஸ்கையும் ஈமானின் பாதுகாப்பையும் தந்தருள்வாயாக! பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவர் சொல்லை மற்றவர் பொறுமையோடு கேட்கும் தௌபீக்கைத் தருவாயாக! ஆமீன்.