‘யூஸ்டு டு’ - ஒரு சொல், மூன்று வேலை!



பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு டிப்ளமோவில் காலடி வைக்கும் நம்மைப் போன்றோருக்கு ஆங்கிலம் என்றாலே இரண்டு பயம். ஒன்று, பெரிய பெரிய வார்த்தைகள். இரண்டு, கிராமர். ஆனால் உண்மையில் நம்மை மாட்டிவிடுவது பெரிய வார்த்தைகள் அல்ல. அதற்குத்தான் டிக்‌ஷனரி இருக்கிறதே! சின்னச் சின்னச் சொற்கள்தான் தெரிந்த முகம் காட்டி நம்மைக் கவிழ்த்துவிடும். அப்படிப்பட்ட ஒன்றுதான் ‘யூஸ்டு டு’.

ஒரு நேர்முகத் தேர்வைக் கற்பனை செய்து பாருங்கள். அதிகாரி நம் அப்பாவின் தொழிலைக் கேட்கிறார். “மை ஃபாதர் யூஸ்டு டு டிரைவ் எ லாரி, சார்” என்று பதில் போகிறது. நாம் சொல்ல நினைத்தது, ‘அப்பா லாரி ஓட்டுவார், அதுதான் அவர் தொழில்’ என்பது. அவர் காதில் விழுந்ததோ, ‘அப்பா முன்பு லாரி ஓட்டினார், இப்போது ஓட்டுவதில்லை’ என்பது. ‘உடம்புக்கு முடியலையோ, ஆளே இல்லையோ’ என்று தயங்கி, “ஐ ஆம் ஸாரி” என்று அவர் சொன்னாலும் சொல்வார். அந்த நேரத்தில் அப்பா திண்டுக்கல் பைபாஸில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பார்!

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது? ‘யூஸ்டு டு என்றால் வழக்கம்’ என்று மனப்பாடம் செய்வதிலிருந்துதான் வருகிறது. அதோடு நம் தமிழின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. “தாத்தா அப்பல்லாம் மாட்டு வண்டியிலதான் சந்தைக்குப் போவார்” என்கிறோம். “அப்பா தினமும் பஸ்லதான் வேலைக்குப் போவார்” என்றும் சொல்கிறோம். இரண்டிலும் ‘போவார்’ தான். முதலாவது முடிந்துபோன பழக்கம். இரண்டாவது இன்றும் நடப்பது. தமிழில் ‘அப்பல்லாம்’, ‘தினமும்’ போன்ற சொற்களை வைத்தே வேறுபாட்டைப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ‘யூஸ்டு டு’ என்று வாயைத் திறந்த உடனேயே, ‘அது அந்தக் காலம், இப்போது இல்லை’ என்ற செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

ஆகவே முதலில் மூன்று வேலைகளையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்வோம்.

வேலை 1: முன்பு இருந்தது, இப்போது இல்லை

‘யூஸ்டு டு’ வுக்கு முன்னால் ‘ஆம், இஸ், ஆர்’ எதுவும் வராது. பின்னால் வெறும் வினைச்சொல் வரும்.

“பீப்பிள் யூஸ்டு டு சென்ட் டெலிகிராம்ஸ்.” மக்கள் முன்பு தந்தி அனுப்புவார்கள். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. எனவே இந்த வாக்கியம் மிகச் சரி.

“சென்னை யூஸ்டு டு பி கால்ட் மெட்ராஸ்.” 1996-ல் பெயர் மாறியது. இதுவும் சரி.

“தேர் யூஸ்டு டு பி எ வெல் ஹியர்.” இங்கே ஒரு கிணறு இருந்தது. இப்போது மூடியாச்சு!

அப்படியானால் இன்றும் நடக்கும் பழக்கத்தை எப்படிச் சொல்வது? ரொம்ப ஈஸி. சாதாரண நிகழ்காலமே போதும். “மை ஃபாதர் டிரைவ்ஸ் எ லாரி.” “ஐ யூஷுவலி கெட் அப் அட் ஃபைவ்.” அவ்வளவுதான். ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் நிகழ்காலப் பழக்கத்துக்கும் ‘யூஸ் டு’ என்று சொல்லும் முறை இருந்தது. பிறகு அது வழக்கொழிந்துவிட்டது. கடந்தகால வடிவம் மட்டும் தங்கிவிட்டது.

‘எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தானே பேசறாங்க?’ என்று கேட்கலாம். உண்மைதான். நம் நாட்டில் பலரும் நிகழ்காலத்துக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள், கேட்பவர்களும் ஊகித்துக்கொள்கிறார்கள். ஆனால் எல்லா இடத்திலும் நமக்காக ஊகித்துக்கொள்ள ஆள் இருக்கமாட்டார்கள். ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புத் தணிக்கைக்கு வெளிநாட்டவர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிரைண்டிங் மெஷின் பக்கத்தில் நிற்கும் தொழிலாளி, “வி யூஸ்டு டு வேர் காகிள்ஸ்” என்கிறார். வந்தவருக்கு என்ன புரியும்? ‘முன்பு கண்ணாடி போட்டார்கள், இப்போது போடுவதில்லை!’ நல்ல பழக்கம் இருந்தும் கெட்ட பெயர். “வி ஆல்வேஸ் வேர் காகிள்ஸ்” என்று சொல்லியிருந்தால் பிரச்சினையே இல்லை.

இன்னும் இரண்டு குறிப்புகள். கேள்வியிலும் மறுப்பிலும் ‘டிட்’ வந்தால் ‘யூஸ்டு’ என்பது எழுத்தில் ‘யூஸ்’ ஆகிவிடும். “டிட் யூ யூஸ் டு பிளே கபடி?” என்று எழுத வேண்டும். இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்கெனவே சுமந்துகொண்டது. இரண்டாவது ஆள் தேவையில்லை. அடுத்து, ஒரே ஒரு முறை நடந்ததற்கு இது வராது. “போன ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போனேன்” என்பதற்கு “ஐ வென்ட் டு மதுரை லாஸ்ட் சண்டே” தான்.

வேலை 2: இதற்குப் பயன்படுகிறது

இது நம் டிப்ளமோக்காரர்களின் சொந்தச் சொத்து. வைவாவில் அதிகம் உதவும் வாக்கியம் இதுதான். ‘இஸ்’ அல்லது ‘ஆர்’ முன்னால் வரும், பின்னால் வினைச்சொல்.

“எ மைக்ரோமீட்டர் இஸ் யூஸ்டு டு மெஷர் ஸ்மால் டைமென்ஷன்ஸ்.” சிறிய அளவுகளை அளக்க மைக்ரோமீட்டர் பயன்படுகிறது. நாம் லேபில் எடுக்கும் சாதாரண மைக்ரோமீட்டரின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ.

இதில் ‘இஸ்’ ஸை விழுங்கிவிட்டால் போச்சு! “மைக்ரோமீட்டர் யூஸ்டு டு மெஷர்...” என்றால், ‘மைக்ரோமீட்டர் முன்பு அளந்துகொண்டிருந்தது, இப்போது ரிட்டயர் ஆகிவிட்டது’ என்ற மாதிரி ஆகிவிடும்.

உச்சரிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. தொண்டையில் கை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். ‘பயன்படுகிறது’ என்ற பொருளில் நடுவிலுள்ள ‘ஸ்’ வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிர்ந்து வர வேண்டும். மற்ற இரண்டு வேலைகளிலும் அந்த ‘ஸ்’ அதிராது. காற்று மட்டும் வரும், ‘யூஸ்டு’ வும் ‘டு’ வும் ஒட்டிக்கொண்டு ‘யூஸ்ட்டு’ என்று ஒரே சொல்லாக ஒலிக்கும்.

வேலை 3: பழகிவிட்டது

“ஐ ஆம் யூஸ்டு டு நைட் ஷிஃப்ட்.” எனக்கு நைட் ஷிஃப்ட் பழக்கம்தான். “ஐ ஆம் யூஸ்டு டு ஒர்க்கிங் அட் நைட்.” இரவில் வேலை செய்து பழகியவன்.

இங்கே ‘ஒர்க்’ வராமல் ‘ஒர்க்கிங்’ ஏன் வருகிறது? தமிழை வைத்தே புரிந்துகொள்ளலாம். ‘குளிருக்குப் பழகினேன்’, ‘வேலை செய்வதற்குப் பழகினேன்’ என்கிறோம். இந்த ‘டு’ நம் நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’ போன்றது. ‘கு’ வுக்கு முன்னால் பெயர்ச்சொல் வேண்டும். ‘செய்கு’ என்று யாராவது சொல்வோமா? ‘செய்வது’ என்று தொழிற்பெயராக்கித்தானே ‘கு’ சேர்க்கிறோம்! அந்த ‘செய்வது’ தான் ஆங்கிலத்தில் ‘ஒர்க்கிங்’.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்.

“ஐ யூஸ்டு டு ஒர்க் அட் நைட்” - முன்பு இரவில் வேலை செய்தேன், இப்போது இல்லை.

“ஐ ஆம் யூஸ்டு டு ஒர்க்கிங் அட் நைட்” - இரவு வேலை எனக்குப் பழகிவிட்டது.

ஒரு ‘ஆம்’, ஒரு ‘இங்’. இரவு ஷிஃப்டுக்கு ஆள் தேடும் கம்பெனியில் இந்த இரண்டும்தான் வித்தியாசம். இன்னும் பழகாத விஷயம் என்றால் கவலை வேண்டாம். “ஐ வில் கெட் யூஸ்டு டு இட்” என்று தைரியமாகச் சொல்லுங்கள். ‘பழகிக்கொள்வேன் சார்’ என்று பொருள். எந்த முதலாளிக்கும் பிடித்த பதில் இது.

சொல்லிப் பாருங்களேன்!

1. முன்பு நான் ஹாஸ்டலில் இருந்தேன்.
2. இரும்பை வெட்ட ஹாக்சா பயன்படுகிறது.
3. எனக்குச் சத்தம் பழகிவிட்டது.
4. நான் தினமும் சைக்கிளில் வருவேன்.

விடைகள்: 1. ஐ யூஸ்டு டு ஸ்டே இன் எ ஹாஸ்டல். 2. எ ஹாக்சா இஸ் யூஸ்டு டு கட் அயர்ன். 3. ஐ ஆம் யூஸ்டு டு நாய்ஸ். 4. ஐ கம் பை சைக்கிள் எவ்ரி டே. நாலாவதில் ‘யூஸ்டு டு’ வே கிடையாது. அதைச் சரியாகச் சொன்னவருக்கு ஒரு சபாஷ்!

நண்பர்களே, வீட்டில் ஆங்கிலம் காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் தானாக வந்துவிடும். நமக்குக் காரணம் தெரிந்தால்தான் நிற்கும். அதில் குறைவொன்றும் இல்லை. லேத்தை ஓட்டுமுன் அதன் பாகங்களைக் கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம் அல்லவா? மொழியையும் அப்படியே கழற்றிப் பார்ப்போம், மாட்டுவோம், ஓட்டுவோம். தினம் ஒரு சொல் போதும். முயல்வோம்! வெல்வோம்!

- இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை