எல்லை கடக்கும் புகையும் எல்லையில் நிற்கும் சட்டமும்

2013ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐ எட்டியது. 300ஐக் கடந்தாலே அபாய நிலை என்பது அக்குறியீட்டின் கணக்கு. இரு நாள்களுக்குப் பின்னர், ஜொகூரின் மூவார், லேடாங் வட்டாரங்களில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. தீ மூட்டியவர் ஒரு நாட்டில் இருக்க, மூச்சுத் திணறுபவர் மற்றொரு நாட்டில் இருந்தால், நீதியை எங்கே சென்று கேட்பது? அந்நாள்களில் எழுந்த இவ்வினாவையே இங்கு நாம் ஆராய்வோம்.

புகைமூட்டத்தின் ஊற்றுக்கண் பெரும்பாலும் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் உள்ளது. செம்பனைக்காகவும் காகிதக்கூழ் மரங்களுக்காகவும் நிலம் திருத்துவோர்க்குத் தீயே மலிவான கருவி. அங்குள்ள சதுப்புக் கரிமண்ணில் பற்றிய தீ, மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று அப்புகையை நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கிறது.

இத்தகைய வழக்கு உலகுக்குப் புதிதன்று. கனடாவின் டிரெயில் நகரில் இயங்கிய உலோக உருக்காலையின் புகை, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பயிர்களையும் காடுகளையும் கெடுத்தது. இரு நாடுகளும் இசைந்து அமைத்த நடுவர் மன்றம், தன் மண்ணிலிருந்து எழும் புகையால் அண்டை நாட்டுக்குக் கடுந்தீங்கு விளைய விடும் உரிமை எந்நாட்டுக்கும் இல்லை என 1941இல் தீர்ப்பளித்தது. அந்த இசைவு இல்லையேல் வழக்கே இல்லை என்பதை நாம் மறத்தலாகாது.

ஆசியான் நாடுகள் 2002இல் கோலாலம்பூரில் புகைமூட்ட உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அது 2003இல் நடப்புக்கு வந்தது. இந்தோனேசிய நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் வழங்கியது 2014இல்தான். ஒத்துழைப்பை வலியுறுத்தும் அவ்வுடன்பாட்டில், மீறுவோரைத் தண்டிக்கும் ஏற்பாடு இல்லை.

அதே 2014இல் சிங்கப்பூர் எல்லை தாண்டிய புகைமூட்டத் தூய்மைக்கேட்டுச் சட்டத்தை இயற்றியது. குற்றச்செயல் எங்கே நடந்தது என்பதைக் காட்டிலும், அதன் தீங்கு எங்கே விளைந்தது என்பதே இச்சட்டத்தின் அடிப்படை. வெளிநாட்டில் தீ மூட்டியோ, அதற்கு இடங்கொடுத்தோ சிங்கப்பூரில் புகைமூட்டம் உண்டாகக் காரணமாகும் நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 100,000 வெள்ளி வரை, மொத்தம் 2 மில்லியன் வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். பாதிக்கப்பட்டோர் இழப்பீடு கோரி உரிமை வழக்கும் தொடரலாம். தீ எரிந்த நிலம் இன்னாருடையது என நிலப்படம் காட்டினால், அதை எரித்தவர் அவரே எனச் சட்டம் அனுமானிக்கும். தாம் எரிக்கவில்லை என மெய்ப்பிப்பது அவர் பொறுப்பாகிவிடும்.

ஆயினும் நடைமுறை வேறு. 2015ஆம் ஆண்டுப் புகைமூட்டத்தின்போது சில இந்தோனேசிய நிறுவனங்களுக்கு அறிவிப்புகள் அனுப்பப்பட்டன. சிங்கப்பூர் வந்திருந்தும் விசாரணைக்கு முன்னிலையாகாத நிறுவன இயக்குநர் ஒருவர்மீது 2016இல் நீதிமன்றப் பிடியாணை பெறப்பட்டபோது, இந்தோனேசியா அதை எதிர்த்தது. நம்பத்தக்க நிலப்படமும் தீ எரிந்த இடத்துச் சான்றும் அண்டை நாட்டின் கையில் உள்ளன. சிங்கப்பூரில் சொத்தோ ஆளோ இல்லாத நிறுவனத்திடம் அபராதம் பெறுவதும் அரிது. புகை எல்லையைக் கடந்துவிடுகிறது. சட்டமோ எல்லையில் காத்து நிற்கிறது.

எனில், இச்சட்டம் வீணா? அன்று. தொலைவு பொறுப்பைப் போக்காது என்பதை அது எழுத்தில் நிலைநாட்டியது. ஆனால், தீக்கு அருகிலுள்ள நீதிமன்றமே வலிமை வாய்ந்தது. ஆச்சே மாநிலத்தில் கரிமண் காட்டை எரித்த நிறுவனமொன்று 366 பில்லியன் ருப்பியா செலுத்த வேண்டும் என்ற தீர்ப்பை இந்தோனேசிய உச்ச நீதிமன்றம் 2015இல் உறுதிசெய்தது. அப்புகையை முதலில் சுவாசித்தோர் அந்நாட்டுச் சிற்றூர் மக்களே. அவர்களுக்குக் கிடைக்கும் நீதி நமக்குக் கிடைக்கும் நீதியுமாகும்.

ஒரு கை தட்டினால் ஓசை எழாது. ஒரு நாட்டின் சட்டம் நீட்டும் கையை மறு நாட்டின் சட்டம் பற்றிக்கொள்ளும்போதுதான், எல்லை கடந்த தீங்குக்கு எல்லை கடந்த நீதி கிட்டும்.