இறைத்துப் பார்த்தால்தான் தெரியும்

பிராங்பேர்ட்டில் மைன் ஆற்றின் வடகரையோரமாக ஷோனே அவுஸ்ஸிஷ்ட் என்றொரு தெரு இருக்கிறது. அங்கே 17ஆம் எண் வீட்டில் 1843 முதல் ஒருவர் தனியாகக் குடியிருந்தார். காலையில் எழுத்து. மதியச் சாப்பாட்டுக்கு முன் சிறிது நேரம் புல்லாங்குழல். சாப்பாடு ஓர் உணவு விடுதியில். பிறகு தன் நாயோடு நீண்ட நடை. உபநிடதங்களை லத்தீன் மொழிபெயர்ப்பில் படித்து உருகியவர் என்பதால் அந்த நாய்க்கு ஆத்மா என்று பெயர் வைத்திருந்தார். ஏறக்குறைய இதே ஒழுங்கில் அந்த ஊரில் அவர் 27 ஆண்டுகளைக் கழித்தார்.

அவர்தான் ஆர்தர் ஷோப்பன்ஹவர். வாழ்க்கை துன்பமயமானது என்று சொன்ன தத்துவவாதி என்ற அளவில் பலருக்கும் அவரைத் தெரியும். அப்படிச் சொன்னவரே, மனிதன் ஓரளவு நிம்மதியோடு இருக்க என்ன வழி என்றும் பொறுமையாக யோசித்து எழுதியிருக்கிறார். தன்னால் முடிவது எது, முடியாதது எது என்று அறிந்து ஏற்பதுதான் அந்த வழி என்கிறார். கேட்க எளிதாக இருக்கிறது. உள்ளே போனால் அவ்வளவு எளிதில்லை. தேநீரை எடுத்துக்கொண்டு மெதுவாக நடப்போம்.

அவருடைய முதன்மை நூல் 1818 கடைசியில் வெளிவந்தது. முகப்பில் 1819 என்று இருக்கும். அதன் 55ஆம் பிரிவில் மனிதனின் குணத்தை மூன்றாகப் பிரிக்கிறார். முதலாவது, யார் கண்ணுக்கும் தெரியாத அடிப்படை இயல்பு. இந்தக் கருத்தை அவர் தத்துவவாதி கான்ட்டிடமிருந்து எடுத்துக்கொண்டார்; நமக்கு இங்கே அது அதிகம் தேவையில்லை. இரண்டாவது, அந்த இயல்பு நம் செயல்களில் காலப்போக்கில் வெளிப்படும் விதம். மூன்றாவதை அவர் ஈட்டிய குணம் என்கிறார். அதாவது, இதுவரை நாம் செய்ததையெல்லாம் பார்த்து, 'நான் இப்படிப்பட்டவன், இது எனக்கு வரும், இது வராது' என்று நாமே தெரிந்துகொள்ளும் அறிவு. முதல் இரண்டும் எல்லோருக்கும் தானாகவே இருக்கும். மூன்றாவது அப்படியில்லை. அறுபது வயதிலும் அது வாய்க்காமல் போனவர்கள் உண்டு.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். நம்மை நாம் அறிய, கண்ணை மூடி உள்ளே பார்த்தால் போதும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஷோப்பன்ஹவர் அதை நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் குணத்தை எப்படி அவர் நடத்தையிலிருந்து தெரிந்துகொள்கிறோமோ, அதே வழியில்தான் நம் குணத்தையும் தெரிந்துகொள்ள முடியும் என்கிறார். ஊரில் கிணற்றுப் பாசனம் செய்பவரைக் கேட்டால் இது உடனே புரியும். கிணறு எவ்வளவு ஊறும் என்பது மேலே நின்று எட்டிப் பார்த்தால் தெரியாது. இறைத்துப் பார்க்க வேண்டும். மூன்று மணி நேரம் இறைத்தால் வற்றி, மறுநாள் காலைக்குள் மறுபடி ஊறுகிறது என்று ஒரு கோடை முழுக்க இறைத்தவருக்குத்தான் தெரியும். தெரிந்த பிறகு அவர் நெல்லை விட்டுவிட்டுக் கேழ்வரகு போடுகிறார். பக்கத்துத் தோட்டத்தில் நெல் பச்சைப் பசேலென்று நிற்பது அவர் கண்ணிலும் படத்தான் செய்யும். ஆனால் தன் பயிர் காயுமோ என்று அவர் தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சரி, தெரிந்துகொண்டால் நிம்மதி எப்படி வருகிறது? ஷோப்பன்ஹவரின் விளக்கம் இதுதான். ஒரு பொருள் இல்லாததைவிட, 'அது கிடைத்திருக்கலாமே, வேறு மாதிரி நடந்திருக்கலாமே' என்ற எண்ணம்தான் நம்மை அதிகம் வாட்டுகிறது. அந்த வாசல் திறந்திருக்கும்வரை மனம் அதன் வழியாகப் போய்வந்துகொண்டே இருக்கும். மூடிவிட்டது என்று தெளிவாகத் தெரிந்ததும் அடங்குகிறது. விவிலியத்தில் வரும் தாவீது அரசரை அவர் நினைவூட்டுகிறார். குழந்தை நோயில் கிடந்தபோது அரசர் உண்ணாமல் தரையில் விழுந்து மன்றாடினார். குழந்தை இறந்ததும் எழுந்து முகம் கழுவிச் சாப்பிட்டார். பார்த்தவர்களுக்கு அது விளங்கவில்லை. நீங்காத உடற்குறை உள்ளவர்களும் ஏழைகளும் தங்கள் நிலையைத் தாங்கும் அமைதி, வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புரியாமல் போவதும் இதனால்தான் என்கிறார்.

இதே இடத்தில் அவர் யானையையும் உதாரணம் காட்டுகிறார். பிடிபட்ட யானை பல நாள் முரண்டு பிடித்து, பயனில்லை என்று கண்டதும் அடங்கிக் கழுத்தைக் கொடுத்துவிடுகிறதாம். இந்த உதாரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கூண்டில் அடைத்து யானையைப் பழக்கிய கதைகளைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அந்த அடங்கலை நிம்மதி என்று சொல்ல நமக்கு நா எழாது. ஆனால் உதாரணம் தவறாகப் போன இடத்தில்தான் நாம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குச் சற்றுப் பொறுத்து வருவோம்.

முதலில், இந்தப் பேச்சை எடுத்ததுமே எல்லோருக்கும் வரும் ஒரு தவறான எண்ணம். 'என் அளவு இவ்வளவுதான் என்று ஏற்றுக்கொண்டால் முயற்சியே போய்விடாதா? இது கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதற்கு ஒரு சாக்கு இல்லையா?' இதற்கு அவர் எழுத்தைவிட அவர் வாழ்க்கையே நல்ல பதில்.

1820இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் அவர் விரிவுரையாளராகச் சேர்ந்தார். அங்கே தத்துவவாதி ஹெகல் புகழின் உச்சியில் இருந்தார். ஹெகலின் முக்கியமான வகுப்பு நடக்கும் அதே நேரத்தில்தான் தன் வகுப்பும் நடக்க வேண்டும் என்று இவர் கேட்டு வாங்கினார். அங்கே அரங்கு நிறைந்தது. இங்கே வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பின்னாளில் பல பருவங்களுக்கு மறுபடியும் வகுப்பு அறிவித்துப் பார்த்தார், மாணவர்கள் சேரவில்லை. 1831இல் பெர்லினில் காலரா பரவியபோது ஊரைவிட்டுக் கிளம்பினார். அதே காலராக் காலத்தில்தான் ஹெகல் இறந்தார்.

பிராங்பேர்ட்டுக்கு வந்து, நடுவில் ஓராண்டு மன்ஹைமில் இருந்து பார்த்து, 1833இல் பிராங்பேர்ட்டுக்கே திரும்பி நிலைத்தார். அதற்குமுன் இரண்டு ஊர்களையும் ஒப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டார். பிராங்பேர்ட்டுக்குச் சாதகமாக அதில் இருப்பவை: நல்ல காப்பிக் கடைகள், சென்கென்பெர்க் நூலகம், வெள்ளம் வராத இடம், தேர்ந்த பல் மருத்துவர், தன்னை யாரும் அதிகம் கவனிக்காத வசதி. இந்தப் பட்டியல் எனக்கு மிகவும் பிடிக்கும். உலகத்தின் அடிப்படையையே விளக்க முனைந்த ஒரு மனிதர், தனக்கு எது ஒத்துவரும் என்று இவ்வளவு சிறிய விவரங்களில் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறார். தன் இயல்பை நாற்பது ஆண்டுக்கு மேல் கவனித்தவரால்தான் இப்படி எழுத முடியும்.

பெர்லினுக்குப் பிறகு அவர் விட்டது பல்கலைக்கழக மேடையை மட்டும்தான். முதன்மை நூல் விலைபோகாமல் பெரும்பகுதி பழைய காகிதமானபோதும் எழுத்தை விடவில்லை. 1836இல் ஒரு நூல், 1841இல் ஒரு நூல், 1844இல் முதன்மை நூலின் இரண்டாம் தொகுதி. 1851இல் வந்த கட்டுரைத் தொகுப்புக்குப் பதிப்பாளர் பணம் தரவில்லை. பத்துப் படிகள் கொடுத்தார். அந்தத் தொகுப்புதான் அவரை வாசகர்களிடம் கொண்டுசேர்த்தது. 1853இல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ இதழில் அவரைப் பற்றி நீண்ட கட்டுரை வந்தபோது அவருக்கு வயது 65. ஒன்று வராது என்று தெளிந்த பிறகு, மிச்சமிருந்த ஊற்று முழுவதும் ஒரே வயலுக்குப் பாய்ந்தது.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார்ல் கிரவுல் என்ற ஜெர்மானியர் திருக்குறளை மொழிபெயர்த்து 1856இல் லைப்சிக்கில் வெளியிட்டார். ஷோப்பன்ஹவர் அதைப் படித்தார். 1859இல் வந்த தன் நூலின் மூன்றாம் பதிப்பில், 'யான்', 'எனது' என்ற பற்றை விடுவதைப் பேசும் 346ஆம் குறளைக் கிரவுலின் மொழிபெயர்ப்பிலிருந்து காட்டுகிறார். அது துறவு அதிகாரத்துக் குறள். உலக ஆசையையே அணைத்துவிடுவதைப் பற்றிப் பேசும் இடத்தில் அவருக்கு அது கைகொடுத்தது.

நம் பேச்சுக்குரிய குறள்கள் அந்த அதிகாரத்தில் இல்லை. அவை 48ஆம் அதிகாரமான வலியறிதலில், பொருட்பாலில் இருக்கின்றன. படையெடுக்கும் அரசன் செயலின் வலிமையையும், தன் வலிமையையும், எதிரியின் வலிமையையும், துணையின் வலிமையையும் எடைபோட வேண்டும் என்று அது தொடங்குகிறது. பாதியைத் தாண்டியதும் போர்க்களத்தை விட்டுவிட்டு, வருவாய்க்குள் செலவு செய்வதையும் அளவறிந்து கொடுப்பதையும் பேசுகிறது. அரசனின் படையும் குடும்பத்தின் பணப்பெட்டியும் ஒரே அதிகாரத்தில் அடுத்தடுத்து வருவது வியப்பாக இருக்கலாம். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான். ஒரு காரியத்தில் இறங்கப் போகிறவன் தன்னிடம் இருப்பதை அறிய வேண்டும். வள்ளுவர் இந்த அறிவைச் செயலில் இறங்குபவனுக்காகச் சொல்கிறார், துறவிக்காகச் சொல்லவில்லை. ஷோப்பன்ஹவரும் துறவை வேறு பிரிவில் தனியாகத்தான் எழுதினார். நாம்தான் இரண்டையும் குழப்பிக்கொண்டு, அளவை ஏற்றுக்கொள் என்று யாராவது சொன்னால் ஆசையை விட்டுவிடு என்று கேட்டுக்கொள்கிறோம்.

அவரைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. வணிகரான தந்தை விட்டுப்போன சொத்தின் வருமானத்தில்தான் அவர் வாழ்ந்தார். மேடை வேண்டாம் என்று தள்ளிவிட்டு எழுத உட்கார, வாடகைக்கு வழி இருக்க வேண்டும். பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மீதிருந்த கசப்பும் கடைசிவரை அவரிடம் இருந்தது. அவரை ஞானியாக்கிவிட வேண்டாம். கண்டு சொன்ன வழி அவர் நடந்ததைவிட நல்ல வழி.

இப்போது யானைக்கு வருவோம். யானையை அடக்கியது அதன் இயல்பிலுள்ள எல்லை இல்லை. மனிதர்கள் நட்ட மரத்தூண்கள். ஜெர்மனியில் வாழும் தமிழர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து புகலிடம் கேட்டவர்கள், தங்களுக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியே போக முடியாதிருந்தது. 1982ஆம் ஆண்டின் புகலிட நடைமுறைச் சட்டம் அப்படிச் சொன்னது. அடுத்த ஊரிலிருக்கும் அண்ணனைப் பார்க்கக்கூட ஒரு காகிதம் வேண்டியிருந்தது. அதைத் தன் அளவு என்று யாராவது ஏற்றிருக்க வேண்டுமா? சாதியின் பெயரால் நம்மவர் நம்மவருக்கே போட்ட வேலிகளும் அப்படித்தான். நாம் பேசிக்கொண்டிருக்கும் அளவு, செய்து பார்த்தவன் தானே கண்டது. செய்யவே விடாமல் தடுத்துவிட்டு, உன்னால் முடியாது என்று சொல்வதற்கு ஷோப்பன்ஹவர் சொல்லும் ஈட்டிய குணத்தில் இடமில்லை. அவர் யானையைக் காட்டியபோது இந்த இரண்டையும் பிரிக்கத் தவறிவிட்டார் என்றே நினைக்கிறேன்.

இன்று பிராங்பேர்ட்டில் தமிழ்ப் பெற்றோர், எது பிள்ளையின் அளவு, எது பிறர் போட்ட வேலி என்ற கேள்வியை நேரில் சந்திப்பது பிள்ளையின் நான்காம் வகுப்பில். பத்து வயதில், பிள்ளை பல்கலைக்கழகம் நோக்கிய கிம்னாசியத்துக்கா, வேறு வகைப் பள்ளிக்கா என்று முடிவு செய்யவேண்டும். ஆசிரியர்கள் தங்கள் கருத்தைச் சொல்வார்கள். ஹெஸ்ஸன் மாநிலத்தில் கடைசி முடிவு பெற்றோருடையது. 1851 தொகுப்பில் ஷோப்பன்ஹவர் மனிதனின் நலனை மூன்றாக வகுத்தார்: ஒருவன் என்னவாக இருக்கிறான், அவனிடம் என்ன இருக்கிறது, மற்றவர் கண்ணுக்கு அவன் எப்படித் தெரிகிறான். மூன்றாவதற்கு நாம் மிக அதிக விலை கொடுக்கிறோம் என்பது அவர் வருத்தம். கோயில் திருவிழாவில் நாலு பேர் கேட்பார்களே என்று மட்டும் பிள்ளையைக் கிம்னாசியத்தில் போட்டு, அது ஆண்டுக்காண்டு திணறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. கையால் செய்யும் வேலையில் மின்னுகிற பிள்ளைக்கு, நிறுவனத்திலும் தொழிற்பள்ளியிலும் மாறிமாறிக் கற்கும் அவுஸ்பில்டுங் நல்ல வயலாக இருக்கலாம். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பத்து வயதில் ஒருவர் எழுதிய கருத்தைப் பிள்ளையின் முழு அளவாக எடுத்துக்கொண்டு வீடே சோர்ந்துபோவது. அந்த வயதில் கிணறு இன்னும் வெட்டியே முடியவில்லை.

அளவு தெரியும் முன்பே வழி முடிவாவது ஷோப்பன்ஹவருக்கே நடந்தது. 1803இல், அவருக்கு 15 வயதில், தந்தை ஒரு பேரம் பேசினார். ஐரோப்பா முழுக்கச் சுற்றுப்பயணம் போகலாம், ஆனால் திரும்பியதும் வணிகம் பழக வேண்டும். இல்லையென்றால் ஹாம்பர்க்கிலேயே இருந்து லத்தீன் படிக்கலாம். பதினைந்து வயதுப் பையன் எதைத் தேர்ந்தெடுப்பான்? பயணம் போனான், திரும்பி வந்து வணிகக் கணக்கில் உட்கார்ந்து வாடினான். 1805இல் தந்தை இறந்தார். இரண்டாண்டு கழித்து, வீமாரிலிருந்து தாய் யோஹானா கடிதம் எழுதி, விருப்பமானால் படிக்கப் போ என்று விடுவித்தார். லத்தீனை அவர் முறையாகத் தொடங்கியபோது வயது 19. இரண்டே ஆண்டில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1813இல் ஜேனாவில் முனைவர் பட்டம். வணிகம் தனக்கு வராது என்பதை அவர் ஊகிக்கவில்லை. செய்து பார்த்து அறிந்தார். அந்தத் தாய் எழுதியதைப் போன்ற ஒரு கடிதத்தை, பத்து வயதில் எடுத்த முடிவு எதுவானாலும், பதினாறிலும் பத்தொன்பதிலும் நம் பிள்ளைகளுக்கு எழுத நாம் தயாராக இருக்க வேண்டும்.