முறுமுறுப்பா, முறையீடா? சபைக்குள்ள வர்ற குறைகளை எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு வார்த்தையைப் பத்தினது: முறுமுறுப்பு. வெளியில நாம முணுமுணுப்புன்னு சொல்வோம், புலம்பல்னு சொல்வோம். சபைக்குள்ள மட்டும்தான் இது முறுமுறுப்பு. இந்த வார்த்தையை ஒருத்தர் எடுத்துட்டா, எதிர்ல இருக்கிறவங்க பேச்சு அதோட நின்னுடும். ஏன்னா அதுக்குப் பின்னாடி வனாந்தரத்துலயே மடிஞ்சுபோன ஒரு தலைமுறையோட கதை நிக்குது.

போன மாசம் ரெண்டு வாய்ஸ் நோட் வந்தது. முதலாவதை அனுப்பினவங்க கல்லூரி முடிச்சு வேலைக்குச் சேர்ந்த ஒரு பொண்ணு. வாலிபர் கூடுகைக்குன்னு சேர்த்த பணத்துக்குக் கணக்கு கேட்டிருக்காங்க. "இன்னும் ஆவிக்குரிய குழந்தையாவே இருக்கியேம்மா, முறுமுறுக்காதே"ன்னு பதில் வந்திருக்கு. நான் கேட்டது தப்பாங்கிறது அவங்க கேள்வி. ரெண்டாவது நோட் ஒரு கமிட்டி உறுப்பினர் அனுப்பினது. ஃபேன் வேகம், பாட்டு வரிசை, பிரசங்க நேரம்னு வாரம் தவறாம குறை கேட்டுக் கேட்டு அவருக்குச் சபைக்கு வரவே பிடிக்கலையாம். "இவங்க எப்பதான் வளருவாங்க?"ன்னு கேட்டிருந்தார்.

ரெண்டு பேர் சொல்றதும் நியாயம். சிக்கலே அதுலதான் இருக்கு. ஒரே வார்த்தையை வச்சு ரெண்டு வேற விஷயத்தை அளந்துட்டு இருக்கோம்.

நான் சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவன். என் நாள்ல பாதி, மத்தவங்க சொல்ற குறையைப் படிக்கிறதுலதான் போகும். "உங்க ஆப் குப்பை"ன்னு ஒருத்தர் எழுதுவார். இன்னொருத்தர், "இந்த பட்டனை ரெண்டு தடவை தொட்டா பணமும் ரெண்டு தடவை போகுது"ன்னு எழுதுவார். ரெண்டுமே குறைதான். ஆனா ரெண்டாவது ஆளுக்கு மொத்த டீமும் நன்றி சொல்லும். வேதாகமமும் இப்படித்தான் குறைகளைப் பிரிக்குதுன்னு நான் நினைக்கிறேன். மூணு இடத்தைப் பார்த்துடலாம்.

ஒரே அதிகாரம், ரெண்டு புகார்

முதல் இடம் எண்ணாகமம் 11. இஸ்ரவேல் ஜனங்க எகிப்து அடிமைத்தனத்துல இருந்து வெளியே வந்தாச்சு. தினமும் மன்னா கிடைக்குது. ஆனா அது அலுத்துப்போச்சு. எகிப்துல சும்மா கிடைச்ச மீன், வெள்ளரிக்காய், வெங்காயம், பூண்டுன்னு ஒரு மெனு கார்டே போட்டு அழறாங்க.

அந்த "சும்மா"வைக் கொஞ்சம் கவனிங்க. எகிப்துல மீனுன்னா அது நைல் நதி மீன். யாத்திராகமம் முதல் அதிகாரத்துல எபிரெய ஆண் குழந்தைகளைத் தூக்கிப் போடச் சொல்லி பார்வோன் கட்டளை போட்டது அதே நதியிலதான். முதுகுல சாட்டை வாங்கிட்டுச் செங்கல் அறுத்த கூட்டத்துக்கு, கொஞ்ச நாள்லயே அந்த ஊர் சாப்பாடு இலவசமாத் தெரியுது. முறுமுறுப்போட முதல் அடையாளம் இது. பழசை அது திருத்தி எழுதிடும். "பழைய பாஸ்டர் இருந்தப்ப எல்லாம் எப்படி இருந்தது தெரியுமா"ன்னு இன்னைக்குப் பேசறவங்கள்ல சிலர், அந்தப் பழைய பாஸ்டர் இருந்தப்பவும் இதே மாதிரிதான் பேசிட்டு இருந்தாங்க.

அதே அதிகாரத்துல இன்னொருத்தரும் புகார் சொல்றார். அது மோசே. அவர் பேச்சு ஜனங்க பேசினதைவிடக் காரமா இருக்கு. இவங்களை நானா பெத்தேன், இந்தப் பாரத்தை என்னால ஒத்தையா சுமக்க முடியாது, இப்படியே விடுறதா இருந்தா என்னைக் கொன்னு போட்டுடுங்கன்னு கடவுள்கிட்டயே கேட்கிறார். இதை நம்ம வாலிபர் கூடுகையில ஒரு பையன் சொன்னா நாலு பேர் தலையில கை வச்சு ஜெபம் பண்ண வந்துடுவாங்க.

இப்போ ரெண்டு புகாருக்கும் கிடைச்ச பதிலைப் பாருங்க. ஜனங்களுக்குக் கேட்ட இறைச்சி வந்தது, கூடவே வாதையும் வந்தது. மோசேக்குத் தண்டனை இல்ல. பாரத்தைப் பங்குபோட 70 மூப்பர்கள் கிடைச்சாங்க. எங்க பாஷையில சொன்னா, ஒரே சர்வர்ல ஓடின மொத்த லோடையும் பிரிச்சு விட்டாச்சு.

என்ன வித்தியாசம்? ஜனங்க அவங்கவங்க கூடார வாசல்ல நின்னு, ஒருத்தர் காதுல ஒருத்தர் விழற மாதிரி அழறாங்க. மோசே நேரா போய்ச் சரிபண்ணக்கூடிய இடத்துல பேசறார். அவங்க கேட்கிறது எகிப்துக்குத் திரும்புற வழி. இவர் கேட்கிறது, இந்தப் பயணம் தொடர ஒரு வழி. ஒரு குறையோட தரத்தை அது எவ்வளவு சத்தமா இருக்குங்கிறதை வச்சு அளக்க முடியாது. அது யாரை நோக்கிப் போகுதுன்னு பார்த்தா ஓரளவு புரிஞ்சிடும்.

வரம் நிறைய, வளர்ச்சி குறைவு

அடுத்து கொரிந்து. பவுல் அங்க ஒன்றரை வருஷம் தங்கி உருவாக்கின சபை. அப்புறம் எபேசுல இருந்து, சுமார் கி.பி. 55ல, அவங்களுக்கு எழுதின கடிதம்தான் 1 கொரிந்தியர். முதல் அதிகாரத்துல, உங்களுக்கு ஒரு வரத்துலயும் குறைவில்லைன்னு பாராட்டுறார். மூணாவது அதிகாரத்துல அதே ஆளுங்களைப் பார்த்து, நீங்க பால் குடிக்கிற குழந்தைங்க, உங்களுக்குச் சோறு ஊட்ட முடியலன்னு சொல்றார்.

எதை வச்சுக் குழந்தைன்னு சொல்றார்? ஜெபம் குறைவு, வசனம் மனப்பாடம் இல்லன்னு அவர் சொல்லல. அவர் காட்டுற அத்தாட்சி, பொறாமையும் சண்டையும். நான் பவுல் கட்சி, நான் அப்பொல்லோ கட்சின்னு ரசிகர் மன்றம் வச்சிருந்தாங்க. ஒரே பந்தியில சிலர் முன்னாடியே சாப்பிட்டு முடிச்சிட, இல்லாதவங்க பசியோட உட்கார்ந்திருந்தாங்கன்னு 11ஆம் அதிகாரம் சொல்லுது. அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் நிறைஞ்ச சபையிலதான் இதுவும் நடந்தது. அதனால நல்லாப் பாடறவர், நல்லாப் பேசறவர், பல வருஷமா கமிட்டியில இருக்கிறவர், இவங்கள்ல யாரும் அந்த ஒரு காரணத்துக்காக முதிர்ந்தவர் ஆகிட முடியாது. கூட இருக்கிறவரோட பசி கண்ணுல படுதாங்கிறதுதான் அளவு.

இந்தக் கடிதத்துல ஒரு சின்ன விவரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சபையில சண்டைன்னு தனக்கு யார் சொன்னாங்கன்னு பவுல் மறைக்கல. குலோவேயாளின் வீட்டார் சொன்னாங்கன்னு வெளிப்படையா எழுதிட்டார். அவங்க சொன்னதும் குறைதான். ஆனா அதுல பேர் இருந்தது, பொறுப்பு இருந்தது. மொட்டைக் கடுதாசி போடுற பழக்கம் நம்ம சபைகள்ல இன்னும் போகல. இப்போ அது போலி ஐடியில வருது, அவ்வளவுதான். குலோவேயாள் வீட்டாரை நினைச்சுப் பார்க்க வேண்டிய இடம் இது.

குறை சொன்னவங்க கையிலயே சாவி

மூணாவது அப்போஸ்தலர் 6. எருசலேம் சபை. தினமும் விதவைகளுக்கு உணவு பகிர்ந்து கொடுக்கிறாங்க. அதுல கிரேக்கம் பேசற விதவைகள் விடுபட்டுப் போறாங்க. அவங்க ஆளுங்க எபிரெயர்களுக்கு எதிரா முறுமுறுத்தாங்க. ஆமா, தமிழ் வேதாகமத்துல இங்கயும் அதே வார்த்தைதான். கிரேக்க மூலத்துல கொங்குஸ்மோஸ். நம்ம முறுமுறுப்பு மாதிரியே சத்தத்துல இருந்து பிறந்த சொல்லுன்னு சொல்றாங்க. முறுமுறுப்பு இல்லாம எல்லாத்தையும் செய்யுங்கன்னு பவுல் பிலிப்பியருக்கு எழுதின இடத்துலயும் இதே சொல்தான் வருது.

அப்போ இங்க அப்போஸ்தலர்கள் என்ன செஞ்சிருக்கணும்? "வனாந்தரத்துல முறுமுறுத்தவங்களுக்கு என்ன ஆச்சு தெரியும்ல?"ன்னு ஒரு பிரசங்கம் வச்சு முடிச்சிருக்கலாம். அவங்க அப்படிச் செய்யல. சபையைக் கூட்டினாங்க, நல்ல பேர் வாங்கின ஏழு பேரை நீங்களே தேர்ந்தெடுங்கன்னு சொன்னாங்க. வந்த பேர்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பேர். அந்தக் காலத்துல எபிரெயர்லயும் சிலருக்குக் கிரேக்கப் பேர் இருந்தது உண்மைதான். ஆனா ஏழுக்கு ஏழும் அப்படி அமைஞ்சதைத் தற்செயல்னு விட முடியல. விடுபட்டவங்க பக்கத்து ஆளுங்க கையிலயே பந்தியோட பொறுப்பைக் கொடுத்திருக்காங்கன்னுதான் பலரும் படிக்கிறாங்க.

அடுத்த வசனமே, சீஷர் தொகை பெருகினதுன்னு சொல்லுது. அந்த ஏழு பேர்ல ஸ்தேவான்தான் முதல் இரத்தசாட்சி. பிலிப்புதான் சமாரியாவுக்கு நற்செய்தி கொண்டுபோனவர். அன்னைக்கு அந்த முறுமுறுப்பை அடக்கியிருந்தா, நடபடிகள் புத்தகத்துல இதுக்கு அப்புறம் வர்ற ரெண்டு அதிகாரம் எப்படி இருந்திருக்கும்னு தெரியாது.

எல்லாப் புகாரும் விதவைகளோட புகார் இல்ல

இதைக் கேட்டுட்டு, "அப்போ நான் எதைச் சொன்னாலும் நியாயம்தான்"னு யாரும் கிளம்பிட வேண்டாம். நம்ம ஊர் சரித்திரம் ஒண்ணு சொல்றேன். 1833ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள்ள சாதி வேற்றுமை இனி கூடாது, இருக்கையிலயும் நற்கருணையிலயும் பிரிவினை கூடாதுங்கிறது சாரம். அதுவரைக்கும் பல மிஷனரிகள் இதைக் கண்டும் காணாம விட்டிருந்தாங்க. சுற்றறிக்கை வந்ததும் வேப்பேரி, தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் பெரிய கொந்தளிப்பு. பலர் சபையை விட்டே விலகினாங்க. எங்க மரபு போச்சு, வெளியில இருந்து வந்தவங்க எங்களைப் புரிஞ்சுக்கலன்னு மனசார வருத்தப்பட்டாங்க.

அவங்க வருத்தம் நிஜம். ஆனா எருசலேம்ல குறை சொன்னவங்க, பந்தியில இடமே கிடைக்காதவங்களுக்காகப் பேசினாங்க. இங்க குறை சொன்னவங்க, பக்கத்துல இன்னொருத்தர் உட்காரக் கூடாதுன்னு பேசினாங்க. அதனால நான் எனக்குன்னு வச்சிருக்கிற கேள்வி இது: நான் கேட்கிறது கிடைச்சா, யாரோட பசி தீரும்? சாதிக்கு ஒரு கல்லறைன்னு இன்னும் பிரிச்சு வச்சிருக்கிற ஊர்கள் நம்மகிட்ட இருக்கு. அதை எதிர்த்துக் கேட்கிறவங்களைப் பார்த்து "முறுமுறுக்காதே"ன்னு சொல்றவர், எருசலேம் கதையை ஒரு தடவை மறுபடி படிக்கணும்.

அந்த ரெண்டு வாய்ஸ் நோட்டுக்கும் பதில்

கணக்கு கேட்ட தோழிக்கு: 2 கொரிந்தியர் 8ஐப் படிங்க. எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோக, தீத்துவோட இன்னும் ரெண்டு சகோதரரையும் பவுல் அனுப்புறார். அதுல ஒருத்தர் சபைகளே தேர்ந்தெடுத்தவர். காரணத்தையும் அவரே சொல்றார். இந்தப் பண விஷயத்துல யாரும் எங்க மேல குற்றம் சொல்ல இடம் வரக் கூடாது, கடவுள் முன்னாடி மட்டும் இல்ல, மனுஷங்க முன்னாடியும் சுத்தமா இருக்கணும்னு. அப்போஸ்தலனே கேட்காமலே கணக்குக்கு வழி பண்ணிட்டார். நீங்க கேட்டது முறுமுறுப்பு இல்ல. யார்கிட்ட, எப்படிக் கேட்கிறீங்கங்கிறதுல மட்டும் கவனமா இருங்க. மத்தேயு 18 ஒரு வரிசை கொடுக்குது: முதல்ல தனியா, அப்புறம் ஒண்ணு ரெண்டு பேரோட, கடைசியிலதான் சபை. நாம வாட்ஸ்அப் குரூப்ல ஆரம்பிச்சுத் தலைகீழாப் போறோம்.

கமிட்டி அண்ணனுக்கு: உங்க களைப்பு புரியுது. வர்ற குறைகளை ரெண்டாப் பிரிச்சுப் பாருங்க. எனக்குப் பிடிக்கலங்கிறது ஒரு பக்கம், ஒருத்தர் விடுபடறார்ங்கிறது இன்னொரு பக்கம். சக்கர நாற்காலியில வர்ற பாட்டிக்கு வாசல்ல சாய்தளம் இல்லங்கிறது ரெண்டாவது வகை. அதைப் பாட்டு வரிசைக் குறையோட ஒரே கூடையில போட்டுடாதீங்க. சொன்னவரையே கூப்பிட்டு, "வாங்க, சேர்ந்து செய்யலாம்"னு கேளுங்க. வெறும் முறுமுறுப்பா இருந்தா அங்கயே அடங்கிடும். நிஜமான அக்கறையா இருந்தா உங்களுக்கு ஒரு ஸ்தேவான் கிடைப்பார்.

கடைசியா ஒண்ணு. யாராலயும் சரிபண்ண முடியாத குறைகளும் இருக்கு. குணமாகாத நோய், திரும்பி வராத ஆள். இதுக்கு எந்தக் கமிட்டியும் இல்ல. சங்கீதம் 13ஐத் திறந்தா முதல் ரெண்டு வசனத்துலயே நாலு தடவை "எதுவரைக்கும்"னு கேள்வி வருது. அதைக் கேட்டவரை யாரும் குழந்தைன்னு சொல்லல. அவர் பாட்டை வேதத்துலயே சேர்த்து வச்சிருக்காங்க.

இந்த வாரம் உங்க மனசுல இருக்கிற ஒரு குறையை எடுங்க. அதைச் சரிபண்ணக்கூடிய ஒரே ஒரு ஆள்கிட்ட, உங்க பேரோட, நேர்ல சொல்லுங்க. என்ன நடந்ததுன்னு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.